கயிறு பிடிக்கிறவன் பேசக்கூடாது

குடை விரித்து ஒருவர் நடக்க முடியாத தாராவிச் சந்துக்குள், தோலை அழுத்துகிற இரும்பு மிஷினைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். அது எப்படி உள்ளே போனது என்று, இப்போது வீட்டுக்கு வீடு சர்வே எடுக்க வருகிற பிள்ளைகள் சந்தின் அகலத்தையும் மிஷினின் அகலத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். செம்பூரில் லிப்டுக்குள் நுழையாத ஸ்கேன் மிஷினை, ஜன்னல் சுவரைப் பெயர்த்து மேல்மாடிக்கு ஏற்றியவன் நான். முலுண்டில் கொட்டுகிற மழையில் மொட்டைமாடிக்கு ஜெனரேட்டர் ஏற்றினேன். தாதரின் பழைய வீடுகளிலிருந்து எத்தனை பியானோக்களை இறக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நம் சபையின் மணியைக் கோபுரத்தில் தொங்கவிட்டதும் இந்தக் கைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது அடிக்கும்போது எல்லாரும் ஆண்டவரை நினைக்கிறார்கள். நான் ஆண்டவரையும் நினைப்பேன், அந்தக் கொக்கியையும் நினைப்பேன்.

இத்தனையும் செய்தவனுக்குப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. இந்தியை லோக்கல் ரயிலில் வசவு வாங்கி வாங்கிக் கற்றேன். வாடகைக் கைவண்டியில் தொடங்கி, சொந்த லாரி, சொந்தச் செயின் குப்பி, செல்லத்துரை என்று என் பெயர் எழுதிய கோடவுன் என்று வந்தேன். பாரம் இழுக்கிற அந்தச் சங்கிலி மிஷின் வாங்கியபோது தாராவியில் வேறு எந்தத் தமிழனிடமும் அது கிடையாது. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. தூக்குவது என் வேலை, அதனால் நானே தூக்கிக்கொண்டேன்.

நம் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்தவன் மற்றவனுக்கு வாசித்துக் காட்டட்டும். நடுநடுவே இந்தியில் கமெண்ட் அடிக்க வேண்டாம்.

முடிச்சு போடுவதையும் கப்பி மாட்டுவதையும் கோடவுனில் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் வேண்டியதில்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால் உங்களில் ஒருவன் என்னிடம் கேட்டான்: "அண்ணாச்சி, நம்ம லாரி நெத்தியில 'கர்த்தர் இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர்'னு வசனம் எழுதி வச்சிருக்கீங்க. வேலையில அந்த வசனம் எங்க வருது?" கேலியாகத்தான் கேட்டான், பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சபையில் கையை உயர்த்திப் பாடுகிறோம். கையில் பாரம் இருக்கும்போது என்ன செய்கிறோம்? ஆண்டவருடைய பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறவனிடம் ஆண்டவருடைய சாடை கொஞ்சமாவது தெரிய வேண்டாமா? அதற்கு எனக்குத் தெரிந்த பதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று தாதரில், ஒன்று மாட்டுங்காவில்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் மேஸ்திரி என்று மட்டும்தான் கூப்பிட்டோம். பெயரைக் கேட்டால், "பேரு கெடக்கட்டும், பாரத்தப் பாரு" என்பார். சபையில் கடைசி பெஞ்சுக்காரர். ஜெபம் பண்ணச் சொன்னால் எழுந்த வேகத்தில் ஆமென் சொல்லி உட்கார்ந்துவிடுவார். அவர் எங்களுக்கு வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. பாரம் அந்தரத்தில் இருக்கும்போது குரல் ஒன்றுதான் இருக்க வேண்டும். குரல் கொடுக்கிறவன் கயிறு பிடிக்கக்கூடாது. கயிறு பிடிக்கிறவன் பேசக்கூடாது.

காரணம் எளிது. குரல் கொடுக்கிறவன் பாரத்தைப் பார்க்கிற இடத்தில் நிற்பான். அவன் ஏத்து என்றால் ஏற்ற வேண்டும், நில்லு என்றால் நிற்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும். பிடித்திருக்கிறவனும் ஒரு யோசனை சொன்னால், நாலு பேர் ஒரு குரலையும் நாலு பேர் இன்னொரு குரலையும் கேட்பார்கள். பாரத்துக்கு யோசனை கிடையாது. அது விழும்.

எனக்குச் சின்ன வயதிலேயே குரல் பெரியது. தாராவியில் நின்று கூப்பிட்டால் சயான் ஸ்டேஷனில் ரயிலேறப் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அதனால் மேஸ்திரி என்னைக் குரலுக்கு வைத்துக்கொண்டார். குருவே கயிற்றின் கடைசியில் நிற்பார். கற்க வந்த நான் ஏத்து, இறக்கு என்று அவருக்கு உத்தரவு போடுவேன். அவருக்கு அது குறைச்சலாகப்பட்டதே இல்லை.

தாதரில் ஒரு பால்கனியிலிருந்து பியானோ இறக்கிக்கொண்டிருந்தோம். கீழே நடைபாதையில் ஒரு குடிகாரன் வழக்கமாகப் படுக்கிற இடத்தில் எங்கள் கைவண்டி நின்றது. அதற்காகக் காலையிலிருந்து எங்களையும், எங்கள் அம்மாவையும், மதராஸிகள் மொத்தப் பேரையும் திட்டிக்கொண்டே இருந்தான். பியானோ பாதி வழி வந்திருக்கும். கட்டிய தடுப்புக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு நேராக அதன் அடியில் வந்து நின்றான். "ஹட் ஜா!" என்று கத்தினேன். அவன் நகரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே நின்று, எனக்குப் பதில் சொல்லத் தொடங்கினான்.

அப்போதுதான் வடம் பால்கனிக் கம்பியில் வழுக்கியது. சர்ரென்று ஓடியது. முன்னால் பிடித்திருந்தவர்கள் கை சுட்டு விட்டுவிட்டார்கள். மேஸ்திரி விடவில்லை. ஓடுகிற வடத்தைத் தன் முழங்கைக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, சுவரில் காலை ஊன்றி, பின்னால் சாய்ந்தார். பியானோ அந்த மனிதனின் தலைக்கு மேல், அவன் கையை உயர்த்தினால் தொடுகிற தூரத்தில் நின்றது. உள்ளே இருந்த தந்திகளெல்லாம் ஒரு முறை முனகின.

குடிகாரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மிச்ச வசவையும் நிதானமாகச் சொல்லி முடித்தான். பீடி பற்றவைத்தான். போய்விட்டான்.

இறக்கி முடித்தபின் மேஸ்திரியின் கையைப் பார்த்தேன். வடம் சுற்றிய இடத்தில் தோல் இல்லை. டீக்கடையில் அவருக்கு நான்தான் டம்ளரைப் பிடித்துக் கொடுத்தேன்.

"அந்தப் பயல இழுத்துட்டு வந்து உம்ம கையக் காட்டணும்" என்றேன்.

"எதுக்குல?"

"அவன் உசுரு எப்படிப் பொழச்சதுன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா தண்ணி போடுறத விட்டுருவானாக்கும்?" மேஸ்திரி சிரித்தார். வலியில் பாதிச் சிரிப்புதான் வந்தது. பிறகு சொன்னார்: "நேத்து நீ தூங்கயில உன் மூச்ச யாருல நடத்துனா? உன்ன எழுப்பிச் சொன்னாரா?"

அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

நான் எழவில்லை. தாதர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூக்காரிகள், காய்கறி மூட்டை, ஸ்டேஷனிலிருந்து வழிகிற ஜனம். அத்தனை பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஒருவரும் நிமிரவில்லை. ஒவ்வொரு தலைக்கு மேலும் ஏதோ ஒன்று விழாமல் நிற்பதாகவும், எங்கேயோ ஒருவர் அதைக் கையில் சுற்றிப் பிடித்திருப்பதாகவும் எனக்குத் தோன்றியது. அவரைத் திட்டிக்கொண்டு போகிறவனுக்கும் சேர்த்துப் பிடித்திருக்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. இரக்கம், நீடிய சாந்தம் என்று போதகர்கள் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறார்கள், எல்லாம் நல்லதுதான். எனக்கு அந்தக் குணம் தோல் உரிந்த ஒரு கையாகத்தான் தெரியும்.

மேஸ்திரி அதைப் பற்றிக் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவர். நானோ, செய்ததைச் செய்தேன் என்று சொல்லுகிற ஆள். சொல்லத்தான் இப்போது மாட்டுங்காவுக்கு வருகிறேன்.

பாக்கியநாதனை உங்களுக்கெல்லாம் தெரியும். அவனும் மேஸ்திரியிடம் கற்றவன்தான். என்னோடு சேர்ந்து வேலை செய்தான். பிறகு என் ஆட்களில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனான். போனது போகட்டும். போகும்போது, "செல்லத்துரை வடம் உளுத்த வடம், என்னைக்கு அறும்னு தெரியாது" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனான். நம் தொழிலில் ஒருவனுடைய கயிற்றைப் பழித்தால் அவனையே பழித்த மாதிரி. அதற்குப் பிறகு சபையில் அவன் வலது பக்கத் தூண், நான் இடது பக்கத் தூண். ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லுகிற நேரம் வந்தால், நான் வேண்டுமென்றே பாடகர் குழு வரை நடந்துபோய்க் கைகொடுத்துவிட்டு வருவேன். அவன் வாசல் வரை போய்க் கொடுப்பான்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு மனிதன் போக வர இருந்தான். காதர். கடையநல்லூர்க்காரன். என்னிடம் வேலைக்குச் சேர்ந்து, பாக்கியநாதனோடு போனவன். ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டுக்கும் வந்து இரண்டு வீட்டுப் பிரியாணியையும் சாப்பிட்டு, இரண்டு வீட்டிலும் "அந்த வீட்டுல உப்பு சாஸ்தி" என்று சொல்லுவான். அவனைக் கோபிக்க யாராலும் முடியாது.

ஒருநாள் நண்பகலில் தாதரில் லாரியோடு நின்றிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. குரலைக் கேட்டதும் பாக்கியநாதன் என்று தெரிந்துவிட்டது.

"செல்லத்துரை, காதர் மாட்டிக்கிட்டான் வே. மாட்டுங்கா. மார்க்கெட்டுக்குப் பின்னால பழைய பில்டிங்." மூச்சு இரைத்தது. "உம்ம வடத்த எடுத்துட்டு வாரும்."

என் வடம்! மற்ற நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒரு மணி நேரம் அவனைப் பேசவைத்துக் கேட்டிருப்பேன். அன்றைக்கு லாரியில் ஏறிவிட்டேன்.

பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறையாக இருந்த கட்டிடம் அது. இடித்துக் கட்டப் போகிறார்கள். எல்லாரும் சாமானை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேல் மாடியில் ஒரு மாமா வீட்டில், அவர் தாத்தா காலத்து இரும்புப் பெட்டகம். ஆள் உயரம். படிக்கட்டுக்கு நடுவே மேலிருந்து கீழ் வரை கிணறு போல ஒரு இடைவெளி இருந்தது. அதன் வழியாகச் சங்கிலியில் இறக்கியிருக்கிறார்கள். பாக்கியநாதன்தான் குரல். ஆனால் மாடிக்கு மாடி ஆட்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். சுவர் கீறுகிறது என்று ஒருவர் தமிழில் "நிறுத்து" என்றார், ஒரு அம்மா விடச் சொல்லி இந்தியில் "சோடோ, சோடோ" என்றாள், குஜராத்தி ஒருவர் எதுவோ சொன்னார். சங்கிலிக்காரன் பாக்கியநாதன் குரலை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்டான். பெட்டகம் ஆடிச் சாய்ந்தது. சங்கிலி முறுக்கி இறுகிக்கொண்டது. கீழ் மாடித் திருப்பத்தில் நின்ற காதரைப் பெட்டகத்தின் மூலை சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. அழுத்தியது நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில்.

தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியிருந்தார்கள். அது எங்கேயோ டிராபிக்கில் நின்றது. சங்கிலி தொங்கிய பழைய மர உத்திரம் நொடிக்கொரு தரம் கிறீச்சிட்டது. அது ஒடிந்தால் காதர் இல்லை. அது ஒடியாவிட்டாலும், பெட்டகம் அவன் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருந்தது.

நான் உள்ளே நுழையும்போதே அவன் குரல் கேட்டது. மெலிந்த குரல்தான். "செல்லத்துரை அண்ணாச்சியா? வாங்க. ரெண்டு பேரும் இன்னைக்காவது நேருக்கு நேரா சண்டை போடுங்க. நான் நகர மாட்டேன், இங்கேயே இருந்து கேக்கேன்."

"வாய மூடுல. மூச்ச வீணாக்காத" என்றேன்.

"மாமா" என்று மேலே பார்த்துக் கேட்டான், "பெட்டிக்குள்ள என்ன வச்சிருக்கீங்க? கனம் ரொம்ப சாஸ்தியா இருக்கு."

மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "ஒண்ணும் இல்லேப்பா. சாவி தொலைஞ்சு யுகம் ஆச்சு. யாரும் திறந்ததே இல்லை." சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

போனைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தவர்களை வீட்டுக்குள் போகச் சொன்னேன். என் குரலுக்குப் போய்விட்டார்கள். மேல் மாடியில் இடைவெளிக்குக் குறுக்கே எங்கள் இரும்புக் கர்டரைப் போட்டு, கப்பி மாட்டி, வடத்தைக் கீழே விட்டோம். பாக்கியநாதன் அதைப் பெட்டகத்தின் வளையத்தில் கோத்தான். இனி நாங்கள் மேலிருந்து ஏற்றினால், பாரம் காதரை விட்டு எங்கள் வடத்துக்கு வந்துவிடும். அவனை உருவி எடுக்கலாம்.

அந்தோணி என் பக்கத்தில் நின்றான், என் ஆட்களில் மூத்தவன். எல்லாரும் வடத்தைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள். குரல் என்றால் நான்தான். மேஸ்திரி காலத்திலிருந்து நான்தான். அத்தனை வருடத்தில் நான் இன்னொருவன் குரலுக்கு வடம் பிடித்ததே இல்லை.

எட்டிப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் பெட்டகத்தின் தலைதான் தெரிந்தது. அதற்குக் கீழே மூலை எங்கே அழுத்துகிறது, காதர் எப்படி மாட்டியிருக்கிறான், ஒன்றும் தெரியவில்லை. அது தெரிகிற இடம் ஒன்றே ஒன்று. காதர் பக்கத்தில் ஒரு ஆள் ஒடுங்கி உட்காருகிற பொந்து. அதில் ஏற்கெனவே பாக்கியநாதன் இருந்தான். அவன் வெளியே வந்து நான் உள்ளே போனால் பெட்டகம் அசையும். பெட்டகம் அசையக்கூடாது.

அப்படியென்றால் குரல் அவனுடையது.

தம்பிகளே, எனக்கு என்னைத் தெரியும். சும்மா நின்றால் என் வாய் திறந்துவிடும். அதனால் அந்தோணியைப் பின்னால் தள்ளிவிட்டு, வடத்தின் தலையில் நான் போய் நின்று இரண்டு கையாலும் பிடித்தேன். கயிறு பிடிக்கிறவன் பேசக்கூடாது. சட்டத்தை என் வாய்க்குக் காவல் வைத்தேன்.

பிடிக்கும் முன்னால் ஒன்று மட்டும் சொன்னேன். கீழே கேட்கும்படி சொன்னேன். "பாக்கியநாதா, குரல் உன்னது."

 கீழிருந்து, "ஏத்து" என்றான்.

ஏற்றினோம். வடம் விறைத்தது. பாரம் மெதுவாக எங்கள் கைக்கு வந்தது. முறுக்கிய சங்கிலி தளர்வதைப் பார்த்தேன்.

"ஏத்து."

இன்னும் கொஞ்சம் வந்தது. எங்கேயோ தட்டி நின்றது. மறுபடி லேசாக இளகியது. நம் கைக்கு ஒரு அறிவு உண்டு, உங்களுக்கும் போகப் போக வரும். இன்னும் ஒரே இழுப்பு, பெட்டகம் எழும்பிவிடும் என்று என் கை சொன்னது. அப்போது கீழிருந்து குரல் வந்தது.

"விடு."

எல்லார் கையும் உறைந்துபோனது.

"விடு வே. கொஞ்சமா விடு."

அந்தோணி என் காதில் முனகினான். "அண்ணாச்சி, விட்டா பாரம் காதர் மேலதான் வரும். அந்த ஆளுக்குக் கலங்கிப் போச்சு. இழுத்துருவோம். நீங்க ஏத்துன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

என் வாய் முழுக்க அந்த வார்த்தை இருந்தது. கூடவே வேறொன்றும் தெரிந்தது. நான் விட்டு, காதருக்கு ஏதாவது ஆனால், நாளைக்கு என்ன பேசுவார்கள்? செல்லத்துரை வடம் வழுக்கிவிட்டது, உளுத்த வடம்தானே, பாக்கியநாதன் அன்றைக்கே சொன்னானே என்பார்கள். என்னைப் பழித்தவன் சொல்லுக்கு, என் கையால், என் வடத்தை நான் விட வேண்டும்.

அந்த நேரத்தில் மேஸ்திரியின் கை எனக்கு நினைவுக்கு வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். வரவில்லை. வந்தது வேறு ஒரு எண்ணம். அதை நானாக எண்ணவில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். உலகத்தையே பிடித்திருக்கிறவர் எத்தனை பேருடைய கூச்சலைக் கேட்டுக்கொண்டு பேசாமல் பிடித்திருக்கிறார் என்று தோன்றியது. ஏத்து, இறக்கு, இப்பவே செய் என்று நானே அவருக்கு எத்தனை உத்தரவு போட்டிருக்கிறேன். ஒருநாளாவது அவர் வாய் திறந்து, நான் யார் தெரியுமா என்று கேட்டதுண்டா? அவர் ஒரு குரல் கொடுத்தால் யார் தாங்குவது? கொடுக்காமல் பிடித்திருக்கிறார்.    சபையில் எத்தனையோ தடவை முழங்கால் போட்டிருக்கிறேன், ஒரு தடவையும் அதை இப்படிக் கண்டதில்லை.

விட்டேன்.

காதர் ஒரு தரம் அலறினான். பிறகு சத்தமே இல்லை. மாமா சுவரில் முகத்தை வைத்துக்கொண்டார். அந்தோணி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

"நில்லு" என்றது கீழே இருந்த குரல். பிறகு இரும்பில் இரும்பு உரசுகிற ஒரு சத்தம். பிறகு:

"இப்ப ஏத்து! ஏத்து! ஏத்து!"

பெட்டகம் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவது போலச் சுலபமாக எழும்பியது. என் கையில் தோல் போய்க்கொண்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை. வடத்தைத் தூணில் சுற்றிக் கட்டினோம். கீழே பாக்கியநாதன் காதரை உருவி எடுத்து மடியில் கிடத்தியிருந்தான். நாங்கள் எல்லாரும் கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்தோம்.

காதர் குரல் வந்தது. "யா அல்லா... காலு ரெண்டும் இருக்கா, எண்ணிப் பாருங்க வே."

அந்தக் கட்டிடமே சிரித்தது, அழுதது. மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு எதுவோ சொன்னார், மலையாளமா தமிழா தெரியவில்லை. நான் மேல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் என்ன நடந்தது என்று தெரிந்தது. பெட்டகத்தின் அடி மூலை படிக்கட்டுக் கம்பிக்குள் போய் மாட்டியிருந்தது. கம்பி பதிந்திருந்த சுவர் ஏற்கெனவே வெடித்திருந்தது. நான் இழுத்திருந்தால் கம்பியோடு சுவரும் பெயர்ந்து காதர் நெஞ்சில் விழுந்திருக்கும். கொஞ்சம் விட்டதால்தான் மூலை கம்பியிலிருந்து கழன்றது. மேலே நின்றவனுக்கு அது தெரிய வழியே இல்லை. என் கைக்கு அவ்வளவு அறிவு இருந்தும் தெரியவில்லை.

காதரை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு பாக்கியநாதன் மேலே வந்தான். முகமெல்லாம் சுண்ணாம்பு. என் எதிரில் நின்றான். என் உள்ளங்கையைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியால் ஒரு கையைச் சுற்றினான், மறு பாதியால் மறு கையை.

"குரல் கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுச்சு."

"விடமாட்டீருன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

 மன்னிப்பு, கட்டிப்பிடிப்பு ஒன்றும் இல்லை. வடத்தைச் சுருட்டும்போது அவன் ஒரு முனையைப் பிடித்துக் கையால் தடவிப் பார்த்தான், முழு நீளமும். "நல்ல வடம் வே" என்றான். அதற்கு அடுத்த ஞாயிறு, சமாதானம் சொல்லுகிற நேரத்தில் நான் பாடகர் குழு வரை நடக்கவில்லை. நடுவழியில் நின்றேன். அவனும் வாசல் வரை போகவில்லை.

காதருக்கு இடுப்பு எலும்பும் விலாவும் சேர நாளானது. இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான், நம்மிடமே திரும்பி வந்துவிட்டான், நம் கோடவுனில் சாமான் பொறுப்பு அவனுடையது. உங்களுக்கு முதல் முடிச்சு சொல்லித்தந்தவன் அவன்தான்.

லாரியில் இருக்கிற வசனம் வேலையில் எங்கே வருகிறது என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில். எனக்கு அது மாட்டுங்காவில், மேல் மாடியில், "விடு" என்ற குரலுக்கும் நான் விட்டதற்கும் நடுவில் வந்தது. நீங்கள் எவ்வளவு பாரம் தூக்கினீர்கள் என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். உங்களைத் திட்டினவன் தலைக்கு மேல் அதை எப்படிப் பிடித்திருந்தீர்கள், உங்களைப் பழித்தவன் சொல்லை எப்படிக் கேட்டீர்கள் என்பதில்தான் நீங்கள் யாருடைய பிள்ளை என்று தெரியும்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். நன்றி ஆராதனையில் பாக்கியநாதன் எழுந்து சாட்சி சொன்னான். கர்த்தர் எனக்குச் சரியான குரலைத் தந்தார் என்றான், சபையே அழுதது. கடைசியில், "மேலே கயிறு பிடித்த சகோதரர்களுக்கும் நன்றி" என்றான். சகோதரர்கள்! மொத்தமாக! அதிலிருந்து நீங்களும் டீக்கடையில் அப்படித்தான் சொல்கிறீர்கள். பாக்கியநாதன் குரல் கொடுத்தான், காதர் பிழைத்தான். என் காதுபடச் சொல்கிறீர்கள்.

அவன் குரல் கொடுத்தான், அதில் ஒரு சொல் குறைக்க வேண்டாம். மகிமை ஆண்டவருக்கு, அதை நான் தொடமாட்டேன். மேஸ்திரியாக இருந்தால் இதோடு டீயைக் குடித்துவிட்டு எழுந்திருப்பார். நான் மேஸ்திரி இல்லை. நான் ஏற்றிய மணியையும் ஜெனரேட்டரையும் வேண்டுமானால் மறந்துவிடுங்கள், பியானோ எல்லாவற்றையும் சேர்த்து மறந்துவிடுங்கள். ஆனால் மாட்டுங்கா கதையைச் சொல்லும்போது, வடத்தின் தலையில் நின்றவன் செல்லத்துரை என்று சொல்லியாக வேண்டும். அன்றைக்கு வடத்தைப் பிடித்த பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு எவனாவது நம்பாமல் சிரித்தால், காதரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

என் பெயர் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.